படத்தில் இருந்த ஒரே குதிரை

முதலில் நிஜக் குதிரைதான் பேசியிருந்தோம்.
வடசேரியில், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை.
நாள் வாடகை ஒன்பதாயிரம், புல் தனி.
ரெஜிமோன் கணக்குப் பார்த்துவிட்டு
"கௌபாய் நடந்து வரட்டும்" என்றான்.
அப்படித்தான்
ஆரல்வாய்மொழிப் பொட்டலில், காற்றாலைகளுக்குக் கீழே,
இருபது நிமிடப் படத்தில்
மிஞ்சியது இந்த ஒரு குதிரை:
ரிவால்வரின் பின்மண்டையில்
கட்டைவிரலுக்கு எட்டும்படி
வால் தூக்கி நிற்கும் இரும்பு.

நகல்தான். குழலை உள்ளே அடைத்திருக்கிறார்கள்.
ஆனாலும் கனம் உண்டு.
கொச்சியில் ஒரு வாடகைக் கடையில்
என் ஆதார் அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம் பெர்னின்
"எக்கா, இது செத்துப்போச்சு" என்று நீட்டினான்.
விசையை அழுத்தினால் குதிரை பாய்கிறது.
பாய்ந்து, கடைசி நெல்மணி தூரத்தில்
நின்றுவிடுகிறது.
சட் என்று கேட்க வேண்டிய இடத்தில்
ஒரு தொக்.
லைட் பிடிக்கும் அனீஷ் அரத்தோடு வந்தான்:
"மூக்குல ரெண்டு இழு இழுத்தா தீந்துச்சு."

அரத்தையும் வாங்கிக்கொண்டு
வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.
வெளியே காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது.

பைய இழுத்தேன்.
ஒரு சொடுக்கு.
இதற்குப் பெயர் பாதுகாப்புப் படி.
பெயரை நம்பாதீங்க என்றும் கடைக்காரரே சொல்லியிருந்தார்;
அங்கே குதிரை நிற்பது ஒரு மெல்லிய பல்லின் நுனியில்,
கீழே போட்டால் பல் ஒடியும், குதிரை ஓடும்.
இரண்டாவது, அரைப் படி. உருளை
கொடைவிழா ராட்டினமாய்ச் சும்மா சுற்றுகிறது.
மூன்றாவதில் ஏதோ கீழிருந்து எழும்பி
உருளையைப் பிடிக்கிறது.
நாலாவது முழுசு.
இனி விரல் வைத்தது சட்டம்.

நாலும் ஒழுங்காகத்தான் கேட்டன.
இழுப்பதில் இல்லை கோளாறு, விடுவதில்.

போன் வெளிச்சத்தை இடுக்கில் அடித்தேன்.
உருளையைத் தாங்கும் அச்சுக்கம்பி
ஒரு படி கூடுதலாக உள்ளே போய்
மறுபக்கம் துருத்திக்கொண்டு
குதிரையின் நெஞ்சில் முட்டி நின்றது.
கம்பியில் இரண்டு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்.
முதல் பள்ளத்தில் அது அச்சு.
இரண்டாவதில் அதுவே காவல்.
பெட்டியில் வைக்கும்போது
யாரோ ஒரு கவனமான ஆள் அழுத்தியிருக்க வேண்டும்.

பழுது இல்லை.
காலையிலிருந்து எங்கள் அத்தனை பேரிடமும்
அது 'மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
அது விளங்க எனக்கு ஒரு மணி நேரம்.
அரத்துக்கு ரெண்டு இழுப்பு.

ஜீப் வந்தது.
ரோட்டில் போன எவரோ துப்பாக்கி என்று சொல்லிவிட்டார்.
எஸ்.ஐ. அபிலா மேடம் அனுமதிக் கடிதத்தை
முன்னும் பின்னும் வாசித்தார்.
நகல் என்று நான் சொன்ன பிறகும்
கையில் வாங்கியதும் அதன் வாயைத் தரைக்குத் திருப்பினார்.
குதிரையை இழுத்தார், காதைச் சாய்த்து.
"நாலு சத்தம். எங்களுதுல இப்படி கெடையாது."
அழுத்தினார். தொக்.
"ரிப்பேரா?"
"இல்ல மேடம். பூட்டு."
"அப்ப அப்படியே கெடக்கட்டு."
போகுமுன் தொப்பிக்காரனோடு ஒரு செல்ஃபி.

கடைசிக் காட்சி.
ரெஜிமோன் "தொறந்து விடு எக்கா" என்றான்.
சத்தம் மார்த்தாண்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்,
ஒரு பாக்குவெட்டி போதும் என்றேன்.
முறைத்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டான்.
பெர்னின் அழுத்தினான்.
குதிரை பாய்ந்து, நெல்மணி தூரத்தில் நின்றது.
கேமராவுக்கு அது தெரியவில்லை.
பெர்னின் மட்டும் கண்ணைச் சிமிட்டிவிட்டான்,
நாலு டேக்கிலும்.

பொருட்களை அடுக்கும்போது அனீஷ் மேலே காட்டினான்:
சுற்றிக்கொண்டிருந்த அத்தனை காற்றாலைகளுக்கு நடுவே
ஒன்று மட்டும்
இறக்கையின் விளிம்பைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு
அசையாமல் நின்றது.
"அந்தா, அதும் செத்துப்போச்சு."
நான் பதில் சொல்லவில்லை.
அரம் என் பையில் இருந்தது.